மூன்று விரல் குயாவியாக்

கலினா எங்கள் இசைப்பள்ளியில் என் அறைக்கு நேர் மேலே இருக்கும் அறையில் வயலின் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய மாணவர்கள் வாசிப்பது எனக்குக் கேட்காது. சிரிப்பது கேட்கும். ஒரு வாரம் குறித்துவைத்துப் பார்த்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை மேலே முப்பத்தொரு முறை சிரிப்பு. கீழே நான்கு முறை. அதில் ஒன்று என் நாற்காலியின் கால் உடைந்தபோது.

அக்டோபர் மூன்றிலிருந்து நாங்கள் இருவரும் வியாழக்கிழமைதோறும் ஒரே ரயிலில் பிட்கோஷ்ச் நகரத்துக்குப் போய்வந்தோம். அங்கே வயலின் ஆசிரியர்களுக்கென்று ஒரு மாலை வகுப்பு. நடத்துபவர் லுட்மிலா மேடம். எதற்காக இந்த வகுப்பு என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நம்ம பசங்களுக்கு இத்தாலிக்காரன் எழுதினது தெரியும், ஆஸ்திரியாக்காரன் எழுதினது தெரியும். சொந்த மண்ணு நடனம் குயாவியாக்கைக் கையில கொடுத்தா, பட்டாளத்து நடை மாதிரி ஒண்ணு ரெண்டு மூணுன்னு மிதிக்கிறாங்க. தப்பு அவங்களோடது இல்ல. போலந்து இசையை நாம சொல்லிக்கொடுக்கலை, அவ்வளவுதான்."

வகுப்பில் பதினான்கு பேர். ஜூன் மாதம் எங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஒருவர் அடுத்த வருடம் முழுக்க மாகாணத்தின் இசைப்பள்ளிகளுக்கெல்லாம் போய் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டி, ஆசிரியர்களுக்கு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். அது நானாக இருக்க வேண்டும் என்று அன்றைய வகுப்பு முடிவதற்குள் தீர்மானித்துவிட்டேன். அதே செய்தியைக் கேட்டபோது கலினா ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். கடிப்பதை நிறுத்தக்கூட இல்லை.

நவம்பரில் ஆளுக்கொரு குயாவியாக் சொல்லிக்கொடுத்துக் காட்டச் சொன்னார் மேடம். மூன்று எண்ணிக்கை கொண்ட மெதுவான நடனம் அது. ஆனால் மூன்றும் ஒரே நீளம் கிடையாது, ஒன்று நீள இன்னொன்று சுருங்கும். நான் பழைய ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து நாற்பது சுற்றுகளுக்கு ஒவ்வொரு எண்ணிக்கையும் எத்தனை நொடி என்று அளந்து, அட்டவணை போட்டு, பதினான்கு பிரதிகள் எடுத்துப்போனேன். கலினா வெறுங்கையோடு வந்தாள். காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"எல்லாரும் எழுந்திரிங்க. கல்யாண வீட்டுல ராத்திரி பூரா ஆடிட்டு விடியக்காலையில வீட்டுக்கு நடக்கறீங்க. தூக்கம் சொக்குது. பக்கத்துல இருக்கறவங்க தோள்ல சாஞ்சுக்கோங்க. ம், நடங்க!"

பதினான்கு ஆசிரியர்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அறையைச் சுற்றினார்கள். அவர்களுடைய கால்கள் தாமாகவே சரியான எண்ணிக்கையில் இழுபட்டன. மொகில்னோ ஊரிலிருந்து வரும் செவெரின் சார் என் தோளில் சாய்ந்து குறட்டை விடுவதுபோல நடித்தார். என் அட்டவணையைப் பற்றி மேடம் "உபயோகமானது" என்றார். கலினாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அட்டவணையை மறுபடி சரிபார்த்தேன். எல்லா எண்களும் சரியாகத்தான் இருந்தன.

ஆனால் அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி எங்கள் பள்ளி அலமாரியில், பழைய தேர்வு அறிக்கைகளுக்குப் பின்னால், ஒரு கையெழுத்துக் கட்டு கிடைத்தது. குழந்தைகளுக்கான பன்னிரண்டு வயலின் உருப்படிகள். தியோஃபில் கிரபின்ஸ்கி என்ற பெயர், 1934 என்ற வருடம், அவ்வளவுதான் விவரம். பன்னிரண்டும் எங்கள் குயாவியப் பகுதியின் மெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் விரல் எண்களும் வில் குறிகளும் நானே போட ஆரம்பித்தேன். எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல், எங்கே வில்லை மேலே தள்ளுவது, எங்கே கீழே இழுப்பது என்று எழுதாமல் குழந்தைகள் கையில் கொடுக்க முடியாது. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். ஜனவரி வரை யாரிடமும் காட்டவில்லை.

ஜனவரி பதினாறாம் தேதி ரயிலில், பையிலிருந்து சாண்ட்விச் எடுக்கும்போது கட்டு வெளியே சரிந்தது. கலினா அதைப் பிடித்து, மடியில் வைத்து, உதட்டுக்குள் பாடிக்கொண்டே புரட்டினாள்.

"இது எங்கடி கிடைச்சது?"

"பள்ளிக்கூட அலமாரியில."

"எப்ப?"

"அக்டோபர் இருபத்தெட்டு."

"மூணு மாசமா முட்டை மேல உக்காந்த கோழி மாதிரி வச்சிருக்கியா? எடு வெளியில!"

"இன்னும் சரிபார்க்கணும் கலினா. ஏழாவதுல எனக்குத் திருப்தி இல்ல."

"உனக்கு எதுலதான் திருப்தி? கொடு, நான் கம்ப்யூட்டர்ல அடிச்சு மேடம்கிட்ட காட்டறேன். ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம்."

"என் பேரு வேண்டாம். தப்பு ஏதாவது இருந்தா..."

"இருந்தா என் தலையில விழட்டும்ங்கற. சரி, விழட்டும். நிஜமாவே பேரு வேண்டாமா?"

இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். அவள் திருடிவிட்டாள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பின்னால் பல முறை தோன்றியிருக்கிறது. அப்போதெல்லாம் இந்த இரண்டு "வேண்டாம்" குறுக்கே வந்து நின்றன.

பிப்ரவரியில், ஈஸ்டர் நோன்புக்கு முன்னால் எல்லோரும் பொன்ச்கி என்ற பொரித்த இனிப்பு பன்னைத் தின்னும் 'கொழுத்த வியாழன்' அன்று, கலினா அடித்த பக்கங்களையும், ரோஜா ஜாம் வைத்த பொன்ச்கி இரண்டு டஜனையும் வகுப்புக்குக் கொண்டுவந்தாள். எதைப் பார்த்து எல்லோரும் முதலில் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. லுட்மிலா மேடம் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு முதல் உருப்படியை வாசித்தார். முடித்ததும் வயலினைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"இதை அச்சுப் போடறோம்," என்றார். "விரல் எண்களும் நீங்களா போட்டது, கலினா?"

கலினா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து பொன்ச்கியைக் கடித்தேன்.

"ஒரு தோழி உதவி செஞ்சா, மேடம்," என்றாள்.

அன்று ரயிலில் செவெரின் சாரும் எங்களோடு வந்தார். வழியெல்லாம் கலினாவைத்தான் பாராட்டினார். என்னிடம் திரும்பி, "நீங்களும் ஏதாவது தேடிப் பாருங்களேன் டீச்சர், உங்க ஸ்கூல் அலமாரியில," என்றார்.

மார்ச் பதின்மூன்றாம் தேதி புத்தகம் வந்தது. நல்ல தாள், பச்சை அட்டை. 'குயாவியச் சிறு வயலின் உருப்படிகள், பன்னிரண்டு. தொகுப்பு: கலினா ஒஸ்மோல்ஸ்கா.' முந்நூறு பிரதிகள், மாகாணத்தின் எல்லா இசைப்பள்ளிகளுக்கும். வீட்டில் மேசை விளக்கடியில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக என் மூலப் பிரதியோடு ஒப்பிட்டேன். ஏழாவது உருப்படியில் நின்றேன்.

அதில் சுண்டு விரலைக் குறிக்கும் நான்கு என்ற எண்ணே இல்லை. பக்கம் முழுக்க ஒன்று, இரண்டு, மூன்று. சுண்டு விரல் வரவேண்டிய இடங்களில் எல்லாம் மூன்றாம் விரலை மேலே இழுத்துக்கொண்டுபோகும்படி போட்டிருந்தது.

என் மாணவி லில்காவுக்கு வாலிபால் ஆடும்போது இடது கைச் சுண்டு விரல் முறிந்துபோனது. கட்டைப் பிரித்த பிறகும் விரல் மடங்கவில்லை. ஜனவரி கச்சேரியில் வாசித்தே தீருவேன் என்று அழுதாள். அவளுக்காக ஏழாவதை மட்டும் மூன்று விரலுக்கு மாற்றி இன்னொரு பிரதி எழுதினேன். என் கோப்பில் எப்போதும் கடைசியாக எழுதியதுதான் மேலே இருக்கும். ரயிலில் கலினா மேலே இருந்த பிரதிகளை எடுத்துக்கொண்டாள். நானும் பார்க்காமல் கொடுத்திருக்கிறேன்.

நியாயமாக எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளுக்குச் சுண்டு விரலைப் பழக்குவதற்குத்தான் நாங்கள் இரண்டு வருடம் உயிரை விடுகிறோம். நான்காம் விரல் இல்லாத பாடப் பக்கத்தை எந்த வயலின் ஆசிரியரும் கேள்வி கேட்காமல் விடமாட்டார். கேள்வி கலினாவிடம்தான் வரும், அவளுக்குப் பதில் தெரியாது. அடுத்த வியாழன் ரயிலில் அவள் எதிரே உட்கார்ந்து, சொல்லிவிடலாமா என்று பிட்கோஷ்ச் வரை யோசித்தேன். சொல்லவில்லை. அதற்கடுத்த வியாழனும் சொல்லவில்லை. இப்படி ஆறு வியாழன்கள். ஈஸ்டருக்கு அவள் எனக்கு வண்ணம் தீட்டிய முட்டை ஒன்று கொடுத்தாள். அதில் குட்டி வயலின் வரைந்திருந்தாள். அப்போதும் சொல்லவில்லை.

மே பத்தாம் தேதி, சனிக்கிழமை, புத்தகத்தை அறிமுகம் செய்யும் மாதிரி வகுப்பு. அரங்கில் முப்பத்தைந்து ஆசிரியர்கள். மேடையில் பிட்கோஷ்ச் பள்ளிக் குழந்தைகள் பன்னிரண்டு பேர், புத்தகத்தைப் பார்த்துப் படித்துத் தயாரானவர்கள். கலினா நீல உடையில் அவர்கள் நடுவே நின்றாள். நான் இரண்டாவது வரிசையில், மடியில் நோட்டோடு.

முதல் ஆறும் நன்றாகப் போயின. ஏழாவதை ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு மூன்றாம் விரல்கள் ஒன்றாக மேலே இழுபட்டன. அழுவதற்கு முன்னால் குழந்தை மூச்சை உள்ளே இழுக்குமே, அப்படி ஒரு ஒலி அரங்கத்தில் எழுந்தது. என் பக்கத்திலிருந்த அம்மாள் கைப்பையைத் திறந்து, கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடினார். என் பிழை இப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது. லில்கா தனியாக வாசித்தபோது இப்படி இருக்கவில்லை. அல்லது நான் கேட்கவில்லை. அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் நான் காத்திருந்தது நடந்தது. செவெரின் சார் புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு சந்தேகம் டீச்சர். ஏழாவதுல சுண்டு விரல் லீவுல போயிடுச்சா? பக்கம் பூரா ஒரு நாலு கூட காணோமே. நாங்க கத்திக் கத்திப் பழக்கறோம், நீங்க புத்தகம் போட்டு வேண்டாம்ங்கறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். கலினா பக்கத்தைப் பார்த்தாள். அவள் கழுத்து மெல்லச் சிவந்தது. இரண்டு மாதமாக இந்த நொடிக்காகத்தான் வாழ்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. பிறகு அவள் தலையை நிமிர்த்திச் சொன்னாள்:

"நம்ம குயாவியக் கிராமத்து வயலின்காரங்க உழைச்சு உழைச்சுக் கை காய்ச்சுப்போனவங்க. சுண்டு விரலைத் தொடவே மாட்டாங்க. மூணாவது விரலை இழுத்துத்தான் அந்த ஏக்கத்தைக் கொண்டுவருவாங்க. கிரபின்ஸ்கி அதைக் கேட்டு வளர்ந்தவர். அந்தப் பழைய வழியை நாம குழந்தைங்க கையில திருப்பிக் கொடுக்கறோம்."

முப்பத்தைந்து பேனாக்கள் எழுத ஆரம்பித்தன. செவெரின் சாரும் உட்கார்ந்து எழுதினார். என் பிழைக்குக்கூட அவள் வாயில் ஒரு பரம்பரை பிறந்துவிட்டது. திங்கட்கிழமை இவர்கள் முப்பத்தைந்து ஊருக்குப் போவார்கள். முப்பத்தைந்து ஊர்ப் பிள்ளைகளிடம், இதுதான் நம் முன்னோர் வழி என்று, ஒரு வாலிபால் பந்தைச் சொல்லிக்கொடுப்பார்கள்.

நான் எழுந்து நின்றது அதற்காகத்தான் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்தக் கைக்குட்டையும் காரணம். அது எனக்கு வரவேண்டியது.

"அது கிராமத்து வழி இல்ல," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "அது என் மாணவி லில்காவோட உடைஞ்ச விரலுக்காக நான் எழுதினது. இந்தப் புத்தகத்துல இருக்கற விரல் எண்கள் எல்லாமே நான் போட்டது. ஏழாவதுக்குச் சரியான பிரதி என் வீட்டுல இருக்கு."

அரங்கத்தில் யாரோ "அய்யோ" என்றார்கள். லுட்மிலா மேடம் மேடையோரத்திலிருந்து முன்னால் வந்தார்.

"கலினா, கிராமத்துல அப்படி வாசிச்சிருக்கலாம். ஆனா நீங்க சொன்னது உங்களுக்குத் தெரியுமா, இல்ல இப்ப தோணுச்சா?"

"இப்ப தோணுச்சு மேடம்," என்றாள் கலினா உடனே. "மன்னிச்சிருங்க எல்லாரும். எழுதினதை அடிச்சிருங்க. பயத்துல உளறிட்டேன்."

எனக்கு இரண்டு மாதம் பிடித்ததை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். உண்மை சொல்வதுகூட அவளுக்குச் சுலபமாக வந்தது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "பொக்னா, தப்பான பிரதி போயிருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. தேதிதான் வந்தது. "மார்ச் பதின்மூணு."

"இன்னைக்கு மே பத்து."

"ஆமா மேடம்."

செவெரின் சார்தான், "தப்போ சரியோ, கேக்க நல்லா இருக்கே, அதுக்கு என்ன பண்றது?" என்றார்.

திரும்பும் ரயிலில் கலினா எனக்கு எதிரே உட்கார்ந்தாள். வேறு பெட்டிக்குப் போவாள் என்று நினைத்திருந்தேன்.

"ரெண்டு மாசமா தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. எதுக்குடி?"

"பொறாமை."

"என் மேலயா?" நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "என்கிட்ட என்ன இருக்கு? எப்பலேர்ந்து?"

"அக்டோபர் மூணுலேர்ந்து."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "அதுக்கும் தேதியா! அம்மாடி! பொறாமைக்குப் பொறந்தநாள் வச்சிருக்கா!" சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "ஆனா இன்னைக்கு ரொம்பக் கேவலமா இருந்துச்சு, பொக்னா. அதை மறக்க எனக்கு நாளாகும்," என்றாள்.

ஜூனில் லுட்மிலா மேடம் கலினாவைத் தேர்ந்தெடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவங்க ஒரு தப்பை ஒரு நிமிஷம் மறைச்சாங்க. நீங்க எட்டு வாரம். பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பறப்ப நான் அதைப் பார்க்கணுமில்ல?" பார்க்கத்தான் வேண்டும். இரண்டு விதமான விரல் எண்களையும், எது எதற்காக எழுதப்பட்டது என்பதையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். முந்நூறு புத்தகத்திலும் அந்தத் தாளை நான்தான் செருகினேன்.

அக்டோபரில் கலினாவின் முதல் ஊர் மொகில்னோ. வருகிறாயா என்று கேட்டாள். வரவில்லை என்று சொல்ல வாயெடுத்து, வருகிறேன் என்றேன். வயலினையும் எடுத்துக்கொண்டேன். செவெரின் சாரின் பள்ளி அரங்கில் முப்பது குழந்தைகளும் ஆறு ஆசிரியர்களும் இருந்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். கலினா ஏழாவது உருப்படியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். வாலிபால் பந்து, லில்காவின் அழுகை, மேலே இருந்த தப்பான பிரதி, தன்னுடைய உளறல், எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். குழந்தைகள் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்து சிரித்தார்கள். என்னுடைய கதை அது. மே மாதம் நான் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

"...இப்படியா பிப்ரவரி மாசம் அந்தப் பொண்ணு விரலை உடைச்சுக்கிட்டா," என்றாள்.

கையைத் தூக்கினேன். "நவம்பர் பதினாலு."

"பாருங்க, இவங்கதான் அந்த டீச்சர்! இவங்க பக்கத்துல இல்லாம நான் ஒரு தேதியும் ஒழுங்கா சொல்ல மாட்டேன். மேல வாங்க பொக்னா டீச்சர்." நான் அசையாமல் இருக்கவே மேடை விளிம்புக்கு வந்து குனிந்து, "எந்திரிச்சு வாடி," என்றாள்.

போனேன். நான் நான்கு விரலில் வாசிப்பது, அவள் மூன்று விரலில் வாசிப்பது, குழந்தைகள் தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். முதலில் நான் வாசித்தேன். ஒரு ஸ்வரமும் பிசகவில்லை. சுண்டு விரல் ஒவ்வொரு முறையும் வட்டமாக, நாங்கள் சொல்லிக்கொடுப்பதுபோலவே வந்து உட்கார்ந்தது. பிறகு கலினா வாசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து, அந்த மூன்றாம் விரலை இழுத்தாள்.

கை தூக்கச் சொன்னாள். இரண்டுமே என் விரல் எண்கள்தான். எது ஜெயித்தாலும் எனக்குத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் பக்கம் தூக்கிய கைகளைப் பார்த்ததும் அந்த ஆறுதல் நிற்கவில்லை. பத்தொன்பது. என் பக்கம் எண்ணும்போது வரிசை வரிசையாக இரண்டு முறை எண்ணினேன்.

"பொக்னா டீச்சருக்குப் பன்னிரண்டு!" என்று கலினா உரக்க அறிவித்தாள்.

பதினொன்றுதான். நான் திருத்தவில்லை.